வீட்டு மின்சுற்றுகளுக்கு ஏற்ற கம்பியைத் தேர்ந்தெடுத்தல்

விளக்குகளையும் விசிறிகளையும் மட்டும் எண்ணிக் கம்பியிடப்பட்ட வீடுகள் நம் நாட்டில் ஏராளமாக உள்ளன. அவ்வீடுகள் பலவற்றில் இன்று கீஸர், இண்டக்‌ஷன் அடுப்பு, குளிர்சாதனப் பொறி ஆகியவை வந்து சேர்ந்துள்ளன. மின்சுமை மிகும்போது பியூஸ் அடிக்கடி உருகுகிறது. இதனை ஒரு தொல்லையாகக் கருதி, உருகிய கம்பிக்குப் பதிலாகத் தடித்த கம்பியைக் கட்டிவிடுவோரும் உளர். அதன்பின் பியூஸ் உருகுவதில்லை. ஆயின் சுவருக்குள் புதைந்த கம்பி எவர் கண்ணிலும் படாமல் சூடேறிக்கொண்டிருக்கும். வீடுகளில் நேரும் மின்தீ விபத்துகளுக்கு இஃது ஒரு முக்கிய காரணமாகும். கருவி, பியூஸ், கம்பி ஆகிய மூன்றின் அளவுகளும் ஒன்றோடொன்று எவ்வாறு பொருந்த வேண்டும் என்பதைக் களப் பணியாளரும் ஆசிரியரும் மக்களுக்கு விளக்குவது இன்றியமையாதது.

கம்பி சூடேறுவது ஏன்?

மின்னோட்டம் செல்லும் எந்தக் கம்பியிலும் வெப்பம் தோன்றும். அவ்வெப்பம் கம்பியின் தடைக்கும், மின்னோட்டத்தின் வர்க்கத்திற்கும் நேர்விகிதத்தில் இருக்கும் என்பதை ஜூல் என்ற ஆங்கிலேய அறிஞர் 1841-ஆம் ஆண்டில் வெளியிட்டார். மின்னோட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும் என்பது இதன் பொருள். கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு மிகுந்தால் தடை குறையும். அதனால் வெப்பமும் குறையும்.

ஒரு கம்பி எத்தனை ஆம்பியர் தாங்கும் என்பதை அதன் உலோகம் உருகும் நிலையைக் கொண்டு முடிவு செய்வதில்லை. செம்பு 1,083 டிகிரி சென்டிகிரேடை ஒட்டிய வெப்பத்திலேயே உருகும். ஆனால், வீட்டுக் கம்பிகளில் வழக்கமாகப் பயன்படும் பி.வி.சி. காப்புறை தொடர்ந்து தாங்கக்கூடிய வெப்பம் 70 டிகிரி மட்டுமே. அதற்கு மேல் நாள்தோறும் சூடேறினால் உறை இறுகி, வெடிப்புற்று, தன் காப்பாற்றலை இழக்கும். ஆதலின், காப்புறை தாங்கும் வெப்பமே கம்பியின் எல்லையை வரையறுக்கிறது.

அளவுகளும் தாங்கும் ஆற்றலும்

குழாய்க்குள் இழுக்கப்பட்ட இரு செம்புக் கம்பிகள் தாங்கக்கூடிய மின்னோட்டம் ஏறத்தாழப் பின்வருமாறு:

1 சதுர மில்லிமீட்டர் — 11 முதல் 12 ஆம்பியர்
1.5 சதுர மில்லிமீட்டர் — 13 முதல் 16 ஆம்பியர்
2.5 சதுர மில்லிமீட்டர் — 18 முதல் 22 ஆம்பியர்
4 சதுர மில்லிமீட்டர் — 24 முதல் 29 ஆம்பியர்

தயாரிப்பாளர் தரும் அட்டவணையையே இறுதியாகக் கொள்ளுதல் வேண்டும். ஒரே குழாயில் பல சுற்றுகளின் கம்பிகளை நெருக்கி இழுத்தாலும், வெயில் காயும் மேற்கூரையை ஒட்டிக் குழாய் சென்றாலும் வெப்பம் வெளியேற வழி குறையும். அத்தகைய இடங்களில் மேற்கண்ட அளவுகளைக் குறைத்தே மதிப்பிடுதல் வேண்டும். அலுமினியத்தின் மின்கடத்தும் திறன் செம்பினுடையதில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கே ஆதலால், அலுமினியக் கம்பி போடப்பட்ட பழைய வீடுகளில் இவ்வளவுகள் பொருந்தா.

பழைய மின்பணியாளர் இன்றும் 3/20, 7/20 என்று கம்பிகளைக் குறிப்பிடுவதுண்டு. முதல் எண் இழைகளின் எண்ணிக்கையையும், அடுத்தது இழையின் கேஜ் எண்ணையும் குறிக்கும். கேஜ் எண் பெரிதானால் இழை மெல்லியதாகும். 3/20 கம்பி ஏறத்தாழ 2 சதுர மில்லிமீட்டருக்கும், 7/20 கம்பி ஏறத்தாழ 4.6 சதுர மில்லிமீட்டருக்கும் சமம்.

மூன்று அளவுகளின் வரிசை

கருவியின் வாட் அளவை 230 வோல்ட்டால் வகுத்தால் அது இழுக்கும் மின்னோட்டம் ஏறக்குறையக் கிடைக்கும். 3,000 வாட் கீஸர் 13 ஆம்பியரும், 1,000 வாட் இஸ்திரிப்பெட்டி 4.3 ஆம்பியரும் இழுக்கும். கருவி இழுக்கும் மின்னோட்டத்தைவிடப் பியூஸின் அளவு சிறியதாக இருத்தல் ஆகாது. பியூஸின் அளவைவிடக் கம்பி தாங்கும் அளவு சிறியதாக இருத்தல் ஆகாது. இவ்விரண்டாம் விதியே உயிரையும் உடைமையையும் காப்பது. சுற்றின் தொடக்கத்தில் உள்ள பியூஸ் முதன்மையாகக் கம்பியைக் காப்பதற்கென்றே அமைந்தது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். சமையலறையில் 16 ஆம்பியர் எம்.சி.பி. உள்ள ஒரே சுற்றில் 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பும், 1,500 வாட் மின்கெண்டியும், 750 வாட் மிக்ஸியும் ஒரே வேளையில் இயங்குவதாகக் கொள்வோம். மொத்தம் 4,250 வாட், மின்னோட்டம் 18.5 ஆம்பியர். எம்.சி.பி. உடனே நின்றுவிடும் எனப் பலர் எண்ணுவர். ஆனால், வீட்டு எம்.சி.பி.க்கான தரநிர்ணயத்தின்படி, குறித்த அளவைப்போல் 1.13 மடங்கு ஓட்டத்தில் அது ஒரு மணி நேரம்வரை நிற்காதிருத்தல் வேண்டும், 1.45 மடங்கில்தான் ஒரு மணி நேரத்திற்குள் கட்டாயம் நிற்க வேண்டும். 18.5 ஆம்பியர் ஏறத்தாழ 1.16 மடங்கே ஆதலால், அது நெடுநேரம் நிற்காமலும் இருக்கலாம். சுவருக்குள் 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பி இருப்பின் அத்தனை நேரமும் அது அளவுக்கு மீறிச் சூடேறும். 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியும் தன் எல்லையை ஒட்டியே நிற்கும். இழை மாற்றும் பழைய வகைப் பியூஸ் உருகுவதற்கு அதன் அளவைப்போல் ஏறக்குறைய இருமடங்கு ஓட்டம் தேவை. அங்கே இன்னும் மிகுந்த கவனம் வேண்டும்.

விளக்குச் சுற்று ஒன்றில் 10 முனைகளுக்கு அல்லது 800 வாட்டுக்கு மேற்படலாகாது என்பதும், பெரிய கருவிகளுக்கான சுற்று ஒன்றில் 3,000 வாட்டுக்கு மேற்படலாகாது என்பதும் நம் நாட்டு மின்பணி நெறிகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் வரம்புகள். இவற்றின் காரணம் மேற்கண்ட கணக்கிலிருந்தே விளங்கும். கீஸருக்கும் குளிர்சாதனப் பொறிக்கும் தனித்தனிச் சுற்று அமைத்தலே முறை.

தொலைவின் விளைவு

பலகையிலிருந்து 20 மீட்டர் தொலைவில் 13 ஆம்பியர் கீஸர் இருப்பின், போகவரக் கம்பியின் நீளம் 40 மீட்டர். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் தடை கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 12 ஓம். எனவே கம்பியில் மட்டும் 6 வோல்ட்டுக்குச் சற்று மேல் குறையும். ஏறத்தாழ 80 வாட் வெப்பமாக வீணாகும். 4 சதுர மில்லிமீட்டர் கம்பியாயின் குறைவு 2.6 வோல்ட், வெப்பம் 34 வாட். தடித்த கம்பிக்குச் செலவு மிகுதியெனினும், பாதுகாப்போடு மின்சிக்கனமும் அதனால் கிட்டுகிறது.

சோதித்தறியும் முறை

கம்பியின் உறைமேல் அளவும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அச்சிடப்பட்டிருத்தல் வேண்டும். 0.3 மில்லிமீட்டர் விட்டமுள்ள இழைகளால் ஆன கம்பியில், 1.5 சதுர மில்லிமீட்டருக்கு வழக்கமாக 22 இழைகளும், 2.5-க்கு 36 இழைகளும், 4-க்கு 56 இழைகளும் இருக்கும். இழைகளை எண்ணி, மைக்ரோமீட்டரால் விட்டத்தை அளந்தால் போலிக் கம்பி வெளிப்பட்டுவிடும். தளர்ந்த இணைப்பு, தகுந்த கம்பியையும் பயனற்றதாக்கும். பிளக் கருகுதலும், சுவிட்ச் சூடாதலும் அதன் அறிகுறிகள். மின்கசிவின்போது ஆளைக் காக்கும் 30 மில்லிஆம்பியர் தடுப்பான் மிகவும் தேவையானதே. எனினும் மிகைச்சுமையால் கம்பி சூடேறுவதை அது தடுக்காது.

ஆசிரியர்கள் மாணவரைத் தத்தம் வீட்டுக் கருவிகளின் வாட் அளவுகளைக் குறித்துவரச் செய்து, ஒவ்வொரு சுற்றின் மொத்த மின்னோட்டத்தையும் வகுப்பில் கணக்கிடச் செய்யலாம். கருவிகளைத் திறவாமலும் கம்பிகளைத் தொடாமலும் செய்யக்கூடிய பயிற்சி இது. பியூஸ் மீண்டும் மீண்டும் உருகும் வீட்டில், களப் பணியாளர் முதற்கண் அச்சுற்றின் சுமையைக் கணக்கிட்டு, மிகையான கருவிகளை வேறு சுற்றுக்கு மாற்றச் சொல்லுதல் வேண்டும். புதிய கம்பி தேவைப்படின், மெயின் சுவிட்சை நிறுத்தி, உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே அதனை இழுப்பித்தல் வேண்டும்.