அம்மாவின் கைப்பையும் ஒரு குவளை தே ஓவும்

மாணவர்களே, இன்று சாப்பாட்டுக் கடையில் ஒரு ‘தே ஓ கோசோங்’ வாங்கி மெதுவாகக் குடித்துப் பாருங்கள். பாலும் சீனியும் இல்லாத அந்தத் தேநீர் தொண்டையில் இறங்கியதும் நாக்கு வறண்டதுபோல் இருக்கும். கன்னத்தின் உட்புறம் இழுத்துப் பிடிக்கும். இதைத்தான் துவர்ப்பு என்கிறோம். ஆட்டுத்தோலை நல்ல கைப்பையாக மாற்றுவதும் இதே துவர்ப்புதான். எப்படி என்று சொல்கிறேன். அதற்கு முன் என் அம்மாவின் பையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அம்மா பல ஆண்டுகளாகக் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் கே.எல். சென்ட்ரல் வரை போய், பிரிக்பீல்ட்ஸில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தவர். அவர் தோளில் எப்போதும் ஒரு கறுப்புப் பை தொங்கும். வாங்கும்போது ‘லெதர்’ என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். இரண்டே ஆண்டில் அதன் மேற்பரப்பு செதில் செதிலாக உரிந்தது. ஒருநாள் ரயிலில் அவருடைய வெள்ளை ரவிக்கை முழுவதும் கறுப்புத் துகள் ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்ததில் அம்மாவுக்குக் கூச்சமாகிவிட்டது. அந்த ஆண்டு அவர் வேலை ஓய்வு பெறவிருந்தார். என் கையாலேயே ஒரு பை தைத்துக் கொடுப்பது என்று அன்று முடிவு செய்தேன்.

பை ஏன் உரிந்தது?

அந்தப் பை தோலே அல்ல. துணியின் மேல் பாலியூரித்தேன் என்ற நெகிழியை மெல்லியதாகப் பூசியது. ‘பி.யு. லெதர்’ என்று விற்கப்படுவது இதுதான். இதில் பலவகை உண்டு. மலிவானவற்றில் பெரும்பாலும் எஸ்டர் பிணைப்புகள் இருக்கும். எஸ்டர் நீருடன் வினைபுரிந்தால் அமிலமாகவும் ஆல்கஹாலாகவும் உடையும் என்று வேதியியலில் படிப்பீர்கள். இதற்கு நீராற்பகுப்பு என்று பெயர். உடையும்போது உண்டாகும் அமிலம் அடுத்த பிணைப்பு உடைவதையும் விரைவுபடுத்தும். நம் நாட்டின் காற்றில் எப்போதும் ஈரம் நிறைந்திருக்கிறது. பயன்படுத்தாமல் அலமாரியில் வைத்த பையும் காலணியும்கூட உரிவதற்குக் காரணம் இதுதான். எறும்பும் இல்லை, கரப்பானும் இல்லை.

தோல் ஏன் அழுகவில்லை?

அப்படியானால் உண்மையான தோல் மட்டும் எப்படித் தாங்குகிறது? அதுவும் ஒரு விலங்கின் உடல்தானே, இறைச்சியைப்போல் அழுக வேண்டாமா? ஆர்மீனியா நாட்டில் ஒரு குகையில் 2008-ஆம் ஆண்டு மாட்டுத்தோல் காலணி ஒன்று கிடைத்தது. அதன் வயது ஏறக்குறைய 5,500 ஆண்டுகள். கயிறு கோத்த துளைகள்கூட அதில் அப்படியே இருந்தன.

பச்சைத் தோலில் நீரை நீக்கினால் மிஞ்சுவதில் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம். மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய கயிறு போன்றது அது. ஒரு மூலக்கூற்றின் நீளம் சுமார் 300 நானோமீட்டர், தடிமன் சுமார் 1.5 நானோமீட்டர். இவை கற்றையாகச் சேர்ந்து நார்களாகி, நார்கள் எல்லாத் திசையிலும் பின்னிக் கிடக்கின்றன. துணியை ஒரு நூலைப் பிடித்து உருவலாம். தோலை அப்படி உருவ முடியாது.

பச்சைத் தோல் ஈரமாக இருந்தால் பாக்டீரியா தின்றுவிடும். காய்ந்தால் பலகைபோல் விறைக்கும். இந்த இரண்டையும் தடுப்பதுதான் தோல் பதனிடுதல். மலாயில் ‘சமாக்’ என்கிறார்கள். மரப்பட்டை, காய், இலை ஆகியவற்றில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் கொலாஜன் சங்கிலிகளுக்கு இடையே புகுந்து, ஹைட்ரஜன் பிணைப்புகளால் அவற்றைச் சேர்த்துக் கட்டுகிறது. அதன்பிறகு பாக்டீரியாவின் நொதிகள் எளிதில் உள்ளே நுழைய முடியாது. தேநீரில் உள்ள துவர்ப்புப் பொருள்கள் உங்கள் உமிழ்நீரிலுள்ள புரதத்தோடு சேர்வதால்தான் நாக்கு வறள்கிறது. தே தாரேக்கில் அந்த வறட்சி ஏன் குறைவு? பாலிலுள்ள புரதம் முந்திக்கொண்டு அவற்றைப் பிடித்துவிடுகிறது!

வீட்டில் செய்து பாருங்கள்

தேவையானவை: ஜெலட்டின் தூள், அகார் அகார் தூள், கடுந்தேநீர், இரண்டு கண்ணாடிக் குவளைகள்.

1. ஒரு தேக்கரண்டி ஜெலட்டினை ஒரு குவளை சுடுநீரில் கரைத்து வெதுவெதுப்பாக ஆற விடுங்கள்.
2. மற்றொரு குவளையில் அகார் அகார் கரைசலை எடுத்துக்கொள்ளுங்கள். அது உறைந்துவிடாதபடி சூடாக இருக்கட்டும். கை சுடாமல் பெரியவர் ஒருவரின் உதவியோடு செய்யுங்கள்.
3. இரண்டிலும் ஆறிய கடுந்தேநீரைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள்.

ஜெலட்டின் கலங்கிப்போகும். சற்று நேரத்தில் படிவும் தோன்றும். அகார் அகாரில் அப்படி நேராது. ஜெலட்டின் ஒரு புரதம். கொலாஜனின் முறுக்கு அவிழ்ந்த வடிவம். அகார் அகார் கடற்பாசியிலிருந்து வரும் மாவுச்சத்து வகை. டானின் தேடிப் பிடிப்பது புரதத்தை. நீங்கள் குவளையில் கண்டதுதான் தோல் தொட்டியில் பல வாரம் மெதுவாக நடக்கிறது.

ஆவாரையும் குரோமியமும்

தமிழ்நாட்டின் வறண்ட நிலங்களில் மஞ்சள் பூ பூக்கும் ஆவாரைச் செடி உண்டு. ஆவாரம்பூவை நாம் மூலிகையாக அறிவோம். அதன் பட்டையில் டானின் மிகுதி. ஆவாரம் பட்டையில் ஊறவைத்து, கடுக்காயில் முடித்த ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் 19-ஆம் நூற்றாண்டில் சென்னையிலிருந்து கப்பல் கப்பலாக லண்டனுக்குப் போயின. ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்பது வணிகப் பெயர். திண்டுக்கல், திருச்சி, ஈரோடு வட்டாரங்கள் இதில் பெயர் பெற்றவை. நம் பக்கத்திலும் இந்த அறிவு இருந்தது. கிள்ளானை அடுத்த கேத்தாம் தீவுக்குப் படகில் போனால் இருபுறமும் பாக்காவ் மரங்களைக் காண்பீர்கள். அதன் பட்டையிலும் டானின் நிறைய உண்டு. பருத்தி வலைகள் உப்புநீரில் மக்காமல் இருக்க, அக்கால மீனவர்கள் அந்தப் பட்டையை ஊறவைத்த நீரில் வலையைத் தோய்த்தார்கள்.

1884-இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் குரோமியம் உப்பால் பதனிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பிறகு வேலை வாரக்கணக்கிலிருந்து ஒரு நாளாகச் சுருங்கியது. இன்று உலகின் பெரும்பாலான தோல் இந்த முறையில்தான் வருகிறது. வேகத்துக்கு விலையும் இருந்தது. வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றையும் சுற்றியிருந்த கிணறுகளையும் கெடுத்தது. மக்கள் தொடுத்த வழக்கில் 1996-ஆம் ஆண்டு இந்திய உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. உலகெங்கும் சுற்றுச்சூழல் சட்டம் படிப்பவர்கள் அறிந்த தீர்ப்பு அது. சென்னை அடையாற்றில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் கழிவைக் குறைக்கும் வழிகளைத் தொடர்ந்து ஆராய்கிறது. தாவர முறையில் மாசே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கும் ஏராளமான நீரும், தோலைக் கெடாமல் வைக்க உப்பும் தேவை. அதனால்தான், செய்கிற பை நெடுநாள் உழைக்க வேண்டும்.

முதல் துண்டு வீணானது

அம்மா மாட்டுத்தோல் தொடமாட்டார். ஆகவே தாவர முறையில் பதனிட்ட ஆட்டுத்தோல் வாங்கினேன். அதில் மடிப்பு விழுந்திருந்தது. சற்று ஈரப்படுத்தி, சட்டைக்குச் செய்வதுபோல் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தேன். ஒரு நிமிடத்தில் தோல் சுருண்டு அப்பளம்போல் விறைத்தது. அறிவியல் ஆசிரியைக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? ஈரமான பச்சைத் தோல் சுமார் 60 முதல் 65 டிகிரி செல்சியசில் சுருங்கும். தாவர முறைத் தோல் ஏறக்குறைய 75 முதல் 85 டிகிரி வரை தாங்கும். குரோம் தோல் 100 டிகிரியை ஒட்டித் தாங்கும். என் இஸ்திரிப் பெட்டியோ அதற்கும் மேல்! சூட்டில் கொலாஜனின் முறுக்கு அவிழ்ந்துவிட்டது. ஆட்டுக்கால் சூப் பிசுபிசுப்பதும் இதே காரணத்தால்தான்.

தைக்கும் முறை

என் அளவுகள் இவை. முன்னும் பின்னும் 28 x 24 செ.மீ. துண்டுகள். பக்கவாட்டுக்கும் அடிக்குமாக 8 செ.மீ. அகலப் பட்டை. அது 24 + 28 + 24, அதாவது 76 செ.மீ. நீளம். முன்பக்கமும் பின்பக்கமும் சேர்ந்து மொத்தத் தையல் 152 செ.மீ. துளைக்குத் துளை 4 மி.மீ. இடைவெளி விட்டால் ஏறக்குறைய 380 துளைகள். துளைகளை நெருக்கினால் தையல் உறுதியாகும் என்று எண்ணாதீர்கள். தபால்தலை கிழிவதுபோல் தோல் அந்த வரிசையில் கிழிந்துவிடும்.

நான் ஒரே ஊசியில் ஓட்டுத் தையல் போட்டேன். கிள்ளானில் ஒரு கடை வரிசையின் காக்கி லீமாவில் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் காட்டினேன். “இப்படி ஒத்த ஊசியில ஓட்டினா, ஒரு இடத்துல அறுந்தா எல்லாம் அவுந்துடும்மா” என்றார். பிறகு இரண்டு ஊசி முறையைக் காட்டினார். ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் எதிரெதிர்ப் பக்கமாக இரண்டையும் செலுத்த வேண்டும். ஒரு பக்கத்து நூல் தேய்ந்து அறுந்தாலும் மறுபக்கத்து நூல் பிடித்துக்கொள்ளும். இதற்குத் தையல் நீளத்தைப்போல் நான்கு மடங்கு நூல் வேண்டும். என் பைக்கு ஆறு மீட்டருக்குச் சற்று மேல். நூலில் தேன்மெழுகு தேய்த்தால் ஈரம் ஏறாது, முடிச்சும் நழுவாது. காசு வாங்க மறுத்த அந்தப் பெரியவர், “இதைக் கத்துக்க யாரும் வர்றதில்ல” என்றார். நம்மில் பலர் இந்தத் தொழிலைக் குறைவாகப் பேசிப் பழகியவர்கள். 380 துளைகள் போட்ட பிறகு நான் அப்படிப் பேசமாட்டேன்.

தோள்பட்டையின் அகலத்தைக் கணக்கிட்டுத்தான் முடிவு செய்தேன். வகுப்பில் ‘தெக்கானான்’ என்று படித்தோமே, அந்த அழுத்தம்தான். சாப்பாடு, தண்ணீர், குடை எல்லாம் சேர்ந்து 3 கிலோ என்றால் விசை 30 நியூட்டன். பட்டை தோளில் 10 செ.மீ. நீளம் படுகிறது என்போம். அகலம் 1.5 செ.மீ. என்றால் பரப்பு 0.0015 சதுர மீட்டர், அழுத்தம் 20,000 பாஸ்கல். அகலம் 4 செ.மீ. என்றால் பரப்பு 0.004 சதுர மீட்டர், அழுத்தம் 7,500 பாஸ்கல்தான். சுமை அதே 3 கிலோ. வலி மட்டும் குறைகிறது.

நீங்களும் செய்ய விரும்பினால் மிச்சத் துண்டில் ஒரு சாவிக்கொத்துப் பட்டையிலிருந்து தொடங்குங்கள். துளையிடும் ஊசியை உள்ளங்கைக்கு நேராகப் பிடிக்காதீர்கள். பசை பூசும்போது சன்னலைத் திறந்து வையுங்கள், அதன் ஆவி தலைவலி தரும்.

தோல் பையைப் பிளாஸ்டிக் உறையில் கட்டிவைக்க வேண்டாம். காற்றின் ஈரப்பதம் 70 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கும். நம் ஊரில் அது சாதாரணம். மழையில் நனைந்தால் துணியால் ஒற்றி, நிழலில் உலர்த்துங்கள். வெயிலும் வேண்டாம், இஸ்திரிப் பெட்டியும் வேண்டாம்!

அம்மாவின் கடைசி வேலை நாளன்று பையைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு மூலையில் தையல் கோணியிருந்ததையும் கண்டுபிடித்துவிட்டார். மறுவாரம் கோயிலுக்குப் போகும்போது அந்தப் பைதான் தோளில் இருந்தது. வெளிர் பழுப்பாக இருந்த தோல், வெளிச்சமும் கைபட்ட எண்ணெயும் ஏறி இப்போது கருத்து வருகிறது. உரியவில்லை.

உங்கள் வீட்டில் உரியத் தொடங்கிய பை இருந்தால், குப்பையில் போடுமுன் அதன் விளிம்பைக் கூர்ந்து பாருங்கள். உள்ளே நெய்த துணி தெரிகிறதா, பின்னிய நார் தெரிகிறதா? விடை உங்கள் கையில் இருக்கிறது.