‘உள்ளே வெளியே’ சீட்டாட்டத்தில் நிகழ்தகவும் சாதக விகிதமும்

மங்காத்தா எனத் தமிழகத்தில் வழங்கும் சீட்டாட்டம் ‘உள்ளே வெளியே’ என்னும் இரு சொற்களில் அடங்கிவிடுகிறது. வட இந்தியாவில் இதனை ‘அந்தர் பாகர்’ என்பர். அதன் பொருளும் இதுவே. கட்டிலிருந்து ஒரு சீட்டு திறந்து வைக்கப்படும். எஞ்சிய 51 சீட்டுகள் இரு பக்கமும் மாறிமாறிப் போடப்படும். திறந்த சீட்டின் மதிப்புடைய மற்றொரு சீட்டு முதலில் எப்பக்கம் விழுகிறதோ அப்பக்கத்திற்கே வெற்றி.

பக்கங்கள் இரண்டே ஆதலின் வாய்ப்பும் பாதிக்குப் பாதி என்று கருதுவது இயல்பு. கணக்கு அவ்வாறு கூறவில்லை. பொருந்தும் சீட்டுகள் மூன்றும் 51 இடங்களில் 20,825 வகைகளில் அமையலாம். அவற்றுள் முதற் பொருத்தம் ஒற்றைப்படை இடத்தில் நேர்வன 10,725. ஆகவே முதற்சீட்டு பெறும் பக்கத்தின் நிகழ்தகவு 429/833, அதாவது ஏறத்தாழ 51.5 விழுக்காடு, சாதக விகிதம் 429:404.

இவ்வேறுபாட்டின் காரணம் எளியது. சீட்டுகளை இவ்விரண்டாகப் பிரித்து நோக்குக. முதலில் பொருத்தம் காணும் இணையில் பொருந்தும் சீட்டு ஒன்றே இருப்பின் இரு பக்கத்திற்கும் சம வாய்ப்பு. இரண்டும் பொருந்துவனவாயின் முந்திய பக்கமே வெல்லும். அதற்கான நிகழ்தகவு 25/833. இரு பக்கங்களுக்கும் இடையிலான வேறுபாடும் மிகச் சரியாக அதுவே.

மூன்று விழுக்காடு சிறிதெனத் தோன்றலாம். சேலம் அம்மாபேட்டையில் வாரக்கூலி பெறும் தறித்தொழிலாளி ஒருவர் பின்பக்கத்தின் மீது சுற்றுக்கு 100 ரூபாய் வைத்து 100 சுற்றுகள் ஆடுவதாகக் கொண்டால், சராசரி இழப்பு 300 ரூபாய். ‘ஐந்து முறை உள்ளே வந்தது, இனி வெளியேதான்’ என்னும் நம்பிக்கை அவரைக் காக்காது. ஒவ்வொரு சுற்றுக்கும் கட்டு புதிதாகக் கலைக்கப்படுவதால் முந்தைய முடிவு அடுத்ததைத் தீண்டுவதில்லை.

ரம்மி இவ்வகையில் வேறுபடுகிறது. ஒரே கட்டில் 13 சீட்டு பெற்றவரின் கையில் ஹார்ட் 5, 6 இருப்பின், 4 அல்லது 7 அடுத்து வரும் நிகழ்தகவு 2/39. எதிராளி ஹார்ட் 7ஐக் கழித்து, அதனை இவர் எடுக்கத் தவறிவிட்டால் அது 1/38 ஆகச் சுருங்கும்; ஆடுபவர் தம் திட்டத்தை மாற்றிக்கொள்ளலாம். மங்காத்தாவில் பணம் வைத்தபின் செய்வதற்கு யாதுமில்லை. கே. சத்தியநாராயணா வழக்கில் (1968) உச்ச நீதிமன்றம், விழுந்த சீட்டுகளை நினைவில் கொள்ள வேண்டியிருப்பதைச் சுட்டி ரம்மியைப் பெரிதும் திறனாட்டம் என்றது. மூன்று சீட்டாட்டத்தை வாய்ப்பாட்டம் என்றது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றமும் தமிழ்நாட்டு இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டத்தின் அட்டவணையில் ரம்மி இடம்பெற்றதை ஏற்கவில்லை. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் 2025ஆம் ஆண்டின் நடுவண் சட்டமோ திறன், வாய்ப்பு என்னும் இப்பாகுபாட்டையே பொருட்படுத்தவில்லை.