மாமன் மகனுக்குக் கொடுக்கலாமா? ஒரு மரபணுக் கணக்கு

போன மாதம் கீரனூர் போயிருந்தபோது சித்தி தனியாகக் கூப்பிட்டுக் கேட்டது: "கண்ணு, நீ படிச்சவன். மாமன் வீட்ல பொண்ணு கேக்கறாங்க. குடுக்கலாமா, வேண்டாமா?"

சித்தியின் பயத்துக்குக் காரணம் இருக்கு. மூத்த பையனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. சித்தப்பா அசல், சொந்தம் கிடையாது. ஆனாலும் 25 வருஷமா பழி சித்தி மேல்தான். மாசமா இருந்தப்போ கிரகணத்துல வெளியே வந்துட்டாளாம். ரெண்டு வருஷம் முன்பு தம்பிக்கு மரபணுப் பரிசோதனை செய்த பிறகுதான் காரணம் தெரிந்தது. சித்திக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

உட்காதில் நத்தை ஓடு மாதிரி ஒரு பகுதி இருக்கிறது. காது கேட்க வேண்டுமானால் அங்கே பொட்டாசியம் அயனிகள் ஒரு செல்லிலிருந்து இன்னொரு செல்லுக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு வழிவிடும் புரதங்களில் முக்கியமானது கனெக்சின் 26. அதை உருவாக்கும் மரபணுவின் பெயர் ஜிஜேபி2. 13-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. இது பழுதானால் பிறவிக் காது கேளாமை வரும் என்று 1997-ல் கண்டுபிடித்தார்கள்.

அந்தப் புரதத்தில் 226 அமினோ அமிலங்கள். தம்பிக்கு 24-வது இடத்திலேயே 'நிறுத்து' என்ற கட்டளை வந்துவிடுகிறது. 23-ஓடு வேலை நின்றுபோகும். இந்தியாவில் இந்த மரபணுவில் அதிகம் காணப்படும் பிழை இதுதான். இந்தியாவிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் ஐரோப்பாவுக்குப் போன ரோமா மக்களிடமும் இதே பிழை இருக்கிறது.

இத்தனை தலைமுறை எப்படி வெளியே தெரியாமல் வருகிறது? இந்த மரபணு நம்மிடம் இரண்டு பிரதி உண்டு. அப்பா கொடுத்தது ஒன்று, அம்மா கொடுத்தது ஒன்று. ஒன்று நன்றாக இருந்தாலே காது கேட்கும். சித்தி, சித்தப்பா ரெண்டு பேரிடமும் ஒரு பழுதான பிரதி இருக்கிறது. அது ரெண்டும் ஒரே பிள்ளையிடம் சேர ஒவ்வொரு பிரசவத்திலும் 4-ல் 1 வாய்ப்பு. ஆக, இதில் சரிபாதி சித்தப்பா பங்கு.

அசலில் கட்டியும் எப்படி வந்தது? தலைமுறை தலைமுறையாக ஒரே சாதிக்குள் கட்டுகிறோம். எப்போதோ வாழ்ந்த ஒரு முன்னோரின் பிழை ரெண்டு வீட்டுக்கும் வந்திருக்கலாம். சொந்தம் மறந்துபோகும், மரபணு மறக்காது.

இப்போ சித்தியின் கேள்விக்கு வருவோம். தங்கச்சிக்குக் காது கேட்கும். அப்படிப்பட்ட பிள்ளையிடம் ஒரு பழுதான பிரதி இருக்க 3-ல் 2 வாய்ப்பு. மாமா சித்தியின் உடன்பிறந்தவர், அவரிடம் இருக்க 2-ல் 1. அத்தையிடம் இல்லை என்று வைத்துக்கொண்டால், மாமன் மகனிடம் இருக்க 4-ல் 1. (என் அம்மா சித்தியின் அக்கா. எனக்கும் அதே 4-ல் 1தான்!) ரெண்டு பேரிடமும் இருந்து, பிள்ளையிடம் சேர இன்னொரு 4-ல் 1. எல்லாம் பெருக்கினால் 24-ல் 1.

இது இந்த ஒரு பிழைக்கான கணக்கு மட்டும். பொதுவாகவே எந்தக் குழந்தைக்கும் பிறவிக் குறைபாடு வர 100-க்கு 2, 3 வாய்ப்பு உண்டு. அத்தை மகள், மாமன் மகன் கட்டினால் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 28 சதவீதம் பேர் சொந்தத்தில் கட்டியவர்கள் என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. இது பல வீடுகளின் கணக்கு.

24-ல் 1 பெரிசா சின்னதா என்று நான் முடிவு செய்ய முடியாது. ஆனால் ஊகத்திலேயே இருக்கவும் வேண்டாம். ரெண்டு பேரும் ரத்தம் கொடுத்துப் பார்க்கலாம். ஒருவரிடம் இல்லையென்றாலும் தம்பிக்கு வந்த காரணத்தால் அவர்கள் பிள்ளைக்கு வராது. ரெண்டு பேரிடமும் இருந்தால் 4-ல் 1 என்று தெரிந்தே முடிவெடுக்கலாம். எப்படியானாலும் குழந்தை பிறந்த உடனே காதைப் பரிசோதிக்க வேண்டும். காக்ளியர் கருவியைச் சின்ன வயதிலேயே பொருத்தினால்தான் பேச்சு நன்றாக வரும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது.

எல்லாம் கேட்டுவிட்டு சித்தி கல்யாணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அப்போ கிரகணத்தால இல்லையா?" என்றது.

"இல்ல சித்தி."

"இத உங்க சித்தப்பன்கிட்டயும் ஒருதடவ சொல்லிட்டுப் போ, கண்ணு."