உஷார்! கையெழுத்து ஆன பிறகுதான் கவனம் வேண்டும்

"கேஸ் முடிஞ்சாச்சு. கையெழுத்தும் ஆயாச்சு. இனி அவன் என்ன பண்ணிடுவான்?"

இப்படி உங்கள் வீட்டில் யாராவது சொல்கிறார்களா? உடனே கையைப் பிடித்து உட்கார வையுங்கள். இந்த நிம்மதிதான் பயமாக இருக்கிறது எனக்கு.

அடித்துத் துன்புறுத்திய கணவனிடமிருந்து ஒரு பெண் பிரிந்து வந்துவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டது என்று நாம் எல்லோரும் நினைக்கிறோம். தப்பு! அவள் பிரிந்து வரும் நாளும் அதற்குப் பிறகு வரும் சில மாதங்களும்தான் அவள் உயிருக்கு மிக ஆபத்தான காலம். கூடவே இருந்தவரை அவளை அடித்து அடக்க முடிந்தது. இப்போது அவள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறாள். "எனக்கு இல்லாதவள் யாருக்கும் இருக்கக் கூடாது" என்ற எண்ணம் வருவது அப்போதுதான்.

நான் சும்மா பயமுறுத்தவில்லை. ஒரு பெண்ணுக்கு நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

சீனாவில் சிச்சுவான் மாகாணம். அதன் மலைப்பகுதியில் திபெத்திய மக்கள் வாழும் ஜின்சுவான் என்ற வட்டம். அங்கே ஒரு பெண், வயது 30, இரண்டு பையன்களுக்குத் தாய். மலையில் ஏறி மூலிகை பறித்து விற்பதுதான் தொழில். நம்மூரில் டிக்டாக் இருந்தது அல்லவா, அதன் சீன வடிவமான டௌயினில் தன் அன்றாட வாழ்க்கையைப் படம் பிடித்துப் போடுவாள். பூச்சு கிடையாது, மினுக்கு கிடையாது. மூலிகைக் கூடையோடு நடப்பாள், சமைப்பாள், சிரிப்பாள். பார்க்கிறவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் பல வருட அடி இருந்தது.

விவாகரத்து வாங்கினாள். அவன் விட்டானா? மறுபடி கல்யாணம் செய்துகொள்ளாவிட்டால் பிள்ளைகளைக் கொன்றுவிடுவேன் என்று மிரட்டினான். பெற்ற வயிறு என்ன செய்யும்? திரும்பவும் அவனையே மணந்தாள். கொஞ்ச நாளில் அடி திரும்ப ஆரம்பித்தது. போலீஸுக்குப் போனாள். "இது உங்க குடும்ப விஷயம்" என்றார்கள். பெண்கள் அமைப்பின் அலுவலகத்துக்கும் போய்க் காயத்தைக் காட்டினாள். உன்னைவிட மோசமான நிலையில் இருக்கிற பெண்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள் என்பதுதான் கிடைத்த பதில். இந்த இரண்டு பதில்களையும் நம் ஊரில் கேட்காதவர்கள் யார், சொல்லுங்கள்?

2020 ஜூனில் இரண்டாவது முறையாக விவாகரத்து ஆனது. இந்த முறை உறுதியாக இருந்தாள். அவன் வந்து கெஞ்சினான், சேர்ந்து வாழலாம் என்றான். முடியாது என்றாள். பிறகும் வந்து கெஞ்சினான். முடியாது என்றாள்.

செப்டம்பர் 14, இரவு. அப்பா வீட்டு அடுக்களையில் நின்று நேரலையில் பேசிக்கொண்டிருந்தாள். அவன் உள்ளே புகுந்தான், கையில் பெட்ரோல். ஒரு அலறல் கேட்டதும் திரை கருத்துப்போனது. உடம்பில் பெரும்பகுதி வெந்துபோய்ப் பதினாறு நாள் ஆஸ்பத்திரியில் போராடினாள். அவளை நேரில் பார்த்தே இராத ஜனங்கள் சிகிச்சைக்குப் பணம் அனுப்பினார்கள். செப்டம்பர் 30 அன்று இறந்துவிட்டாள்.

2021 அக்டோபரில் அவனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2022 ஜூலை 23 அன்று அது நிறைவேற்றவும் பட்டது. அந்தப் பையன்களுக்கு அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை.

இதில் நான் இரண்டு விஷயங்களை விடாமல் யோசிக்கிறேன். முதலாவது, சீனாவில் அப்போது சட்டம் இல்லாமல் இல்லை. குடும்ப வன்முறைக்கு எதிரான சட்டம் 2016 மார்ச் 1 முதலே அமலில் இருந்தது. நீதிமன்றம் 72 மணி நேரத்துக்குள், அவசரமானால் 24 மணி நேரத்துக்குள் பாதுகாப்பு உத்தரவு தருவதா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. எழுதியிருந்து என்ன? "குடும்ப விஷயம்" என்ற ஒரு பேச்சு அத்தனையையும் மூடிவிட்டது.

இரண்டாவது, அவள் எரிந்தது நடுத்தெருவிலோ யாரும் இல்லாத காட்டிலோ இல்லை. பிறந்த வீட்டில்! "எங்க வீட்டுக்கு வந்துட்டா, இனி பத்திரம்" என்று மகளைக் கூட்டிவரும் அப்பா அம்மாக்களே, உஷார். உங்கள் வீட்டு முகவரி அவனுக்குத் தெரியும். பின்வாசல் எது, யார் எப்போது வேலைக்குப் போவார்கள், அவள் தனியாக இருக்கும் நேரம் எது, எல்லாமே தெரியும். எத்தனை தீபாவளிக்கு வந்து சாப்பிட்டுப் போன மாப்பிள்ளை!

இது எங்கோ மலைநாட்டுக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். அதே 2020, பிப்ரவரி 19. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ஒரு தாய். கணவனைப் பிரிந்து தன் பெற்றோர் வீட்டில் இருந்தவள். காலையில் பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பியபோது கணவன் காருக்குள் ஏறிப் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினான். ஆறு, நான்கு, மூன்று வயதுக் குழந்தைகள் மூவரும் போனார்கள். அவளும் போனாள். இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். அவன் தினம் கைநீட்டுகிற ஆள் இல்லை. என்ன உடுத்த வேண்டும், யாரிடம் பேச வேண்டும் என்று ஒவ்வொன்றிலும் அவளைக் கைக்குள் வைத்திருந்தவன். "அடிச்சதே இல்லையே, ரொம்பப் பாசம், அதான் சந்தேகப்படுறான்" என்று நாம் சமாதானம் சொல்கிற வகை. இந்த வழக்கு அந்த நாட்டையே உலுக்கியது. அடிக்காமலேயே துணையை இப்படி அடக்கி ஆள்வதும் குற்றம் என்ற சட்டம் பிரிஸ்பேன் இருக்கும் மாநிலத்தில் 2025 மே மாதம் அமலுக்கு வந்தது.

2023ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 51,100 பெண்களும் சிறுமிகளும் கணவன், காதலன் அல்லது சொந்தக் குடும்பத்தார் கையால் கொல்லப்பட்டார்கள் என்பது ஐ.நா. கணக்கு. நாளைக்கு 140 பேர். திருடன் கையாலோ முகம் தெரியாதவன் கையாலோ இறந்தவர்கள் இந்தக் கணக்கில் வரவில்லை.

இனிதான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி. கொலை திடீரென்று வருவதில்லை. அறிகுறி காட்டிவிட்டுத்தான் வருகிறது. அமெரிக்காவில் ஜாக்குலின் கேம்ப்பெல் என்ற செவிலியர், கணவன் கையால் உயிருக்கு எவ்வளவு ஆபத்து என்று கணிக்க 1985இல் ஒரு கேள்விப் பட்டியல் தயாரித்தார். பிரிட்டனில் ஜேன் மாங்க்டன் ஸ்மித் என்ற குற்றவியல் ஆய்வாளர் 372 கொலைகளை எடுத்து ஆராய்ந்தார். உறவு தொடங்குவதற்கு முன்பிருந்தே கொலை நாள் வரை எட்டுப் படிகள் இருப்பதாகச் சொன்னார். "ஆத்திரத்தில் செய்துவிட்டான்" என்று நாம் சொல்லும் கொலைகளுக்குப் பின்னால் திட்டம் இருக்கிறது என்பது அவர் கண்டது.

கழுத்து! எல்லாவற்றுக்கும் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தடவையாவது அவன் உங்கள் கழுத்தைப் பிடித்து நெரித்திருக்கிறானா? அதன் பிறகு அவன் கையால் கொல்லப்படும் ஆபத்து ஏழு மடங்குக்கும் மேல் என்று அமெரிக்க ஆய்வு ஒன்று சொல்கிறது. "சும்மா பிடிச்சான், உடனே விட்டுட்டான்" என்று சொல்லாதீர்கள். கழுத்தைப் பிடிக்கிறவன், "உன் மூச்சு என் கையில்" என்று காட்டுகிறான். வெளியே தடமே இல்லாமல் உள்ளே காயம் பட்டிருக்கலாம். மணிக்கணக்கு கழித்து, சில சமயம் நாட்கள் கழித்துக்கூட உயிர் போகலாம். குரல் கம்மினாலோ, விழுங்க வலித்தாலோ, மயக்கம் வந்திருந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கழுத்தை நெரித்தான் என்றே டாக்டரிடம் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், கண்ணு.

பின்தொடர்கிறானா? ஆபீஸ் வாசல், பஸ் ஸ்டாப், பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று திரும்பின இடத்திலெல்லாம் நிற்கிறானா? நீங்கள் யாரிடமும் சொல்லாத இடத்துக்கும் வந்துவிடுகிறானா? அப்படியானால் முதலில் உங்கள் போனைச் சந்தேகப்படுங்கள். பழைய பாஸ்வேர்டு அவனுக்குத் தெரியும். குழந்தைக்கு அவன் வாங்கிக் கொடுத்த போனும் டேப்பும்கூட நீங்கள் இருக்கும் இடத்தை அவனுக்குக் காட்டலாம்.

"நீ இல்லேன்னா செத்துடுவேன்" என்கிறானா? இதைக் கேட்டால் நம் மனசு இளகும். அய்யோ பாவம் என்று இருக்கும். கேம்ப்பெல் பட்டியலில் இதுவும் ஒரு கேள்வி! தன் உயிர் வேண்டாம் என்று வந்துவிட்டவனுக்கு ஜெயிலைப் பற்றி என்ன பயம்? பிள்ளைகளை ஏதாவது செய்துவிடுவேன் என்பதும் அதே பட்டியலில் இருக்கிறது. கர்ப்பமாக இருந்தபோது அடித்தது, வேலை போனது, குடி கூடியது, அடிக்கு அடி இடைவெளி குறைந்தது, கையில் கத்தியோ கட்டையோ வந்தது, இவையும் உண்டு.

திடீரென்று அமைதியாகிவிட்டானா? இதுதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஆறு மாதம் கத்தினவன், போனில் மிரட்டினவன், ஒரு நாள் சத்தமே இல்லாமல் ஆகிவிடுகிறான். "திருந்திட்டான் போல" என்கிறோம். கத்துவதை நிறுத்திவிட்டு யோசிக்க ஆரம்பித்திருக்கலாம். அதன் பிறகு வரும் அந்த அழைப்பு: "எல்லாம் முடிஞ்சு போச்சு. கடைசியா ஒரே ஒரு தடவை பார்த்துப் பேசணும்."

போகாதீர்கள்!

நகையைத் தருகிறேன் என்றாலும், குழந்தையின் டி.சி.யில் கையெழுத்துப் போடுகிறேன் என்றாலும், அவன் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்றாலும், தனியாகப் போகாதீர்கள். வக்கீல் ஆபீஸுக்கு வரச் சொல்லுங்கள். குழந்தையைப் பார்க்க அவனுக்கு உரிமை இருந்தால், நீதிமன்ற வளாகத்திலேயே பார்க்க ஏற்பாடு செய்யும்படி வக்கீல் மூலம் கேளுங்கள். கூட ஆள் இருக்க வேண்டும். அந்த ஆள் வயசான அப்பா மட்டும் என்று இருக்க வேண்டாம்.

கேம்ப்பெல் பட்டியலில் இன்னொரு கேள்வியும் உண்டு. அவன் உங்களைக் கொன்றுவிடக் கூடியவன் என்று நீங்கள் நம்புகிறீர்களா? உங்கள் அடிவயிற்றுப் பயமும் ஒரு சாட்சிதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்தார் "ரொம்ப யோசிக்கிறே" என்று சொல்வார்கள். அவர்கள் அவனோடு வாழவில்லை.

விவாகரத்து ஆனவளுக்குக் குடும்ப வன்முறைச் சட்டம் பொருந்தாது என்று ஒரு பேச்சு உலவுகிறது. நம்பாதீர்கள். நம் நாட்டின் 2005ஆம் ஆண்டுச் சட்டம், ஒரே வீட்டில் எப்போதாவது சேர்ந்து வாழ்ந்தவர்களையும் கணக்கில் கொள்கிறது. விவாகரத்துக்கு முன் நடந்த கொடுமைக்காக, விவாகரத்து ஆன பின்னும் நிவாரணம் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொல்லிவிட்டது. பக்கத்தில் வரக் கூடாது, போன் செய்யக் கூடாது, வேலை இடத்துக்கு வரக் கூடாது என்று மாஜிஸ்திரேட் உத்தரவு போட முடியும். அதை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம். ஜாமீனில் விட முடியாத குற்றம் அது. இதற்கு மனு எழுத உதவ மாவட்டந்தோறும் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், கட்டணம் இல்லை. வேண்டாம் என்று சொன்ன பிறகும் பின்தொடர்ந்தால் அது தனிக் குற்றம், பாரதிய நியாய சன்ஹிதா 78ஆவது பிரிவு.

மகளிர் காவல் நிலையத்துக்குப் போனால் "எழுதி வாங்கிட்டு அனுப்பிடறோம்மா" என்பார்கள். அதோடு திரும்பி வராதீர்கள். புகாரை எழுத்தில் கொடுங்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். கழுத்தை நெரித்தது, பெட்ரோல் ஊற்றுவேன் என்றது, பிள்ளையைக் கொல்வேன் என்றது, தேதியோடு அதில் இருக்கட்டும். மிரட்டல் மெசேஜை அருவருப்பாக இருக்கிறதென்று அழித்துவிடாதீர்கள். நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். பெண்கள் உதவிக்கு 181. உயிர் போகிற அவசரத்துக்கு 112. பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் கொடுங்கள், இன்னார் வந்தால் பிள்ளையை அனுப்ப வேண்டாம் என்று, கோர்ட் உத்தரவின் நகலோடு. எதிர் வீட்டு அக்காவிடமும் சொல்லி வையுங்கள். இதில் மானம் போவதற்கு ஒன்றுமில்லை. அந்த அக்காவின் கண் உங்கள் வாசலில் இருந்தால் போதும்.

பெற்றவர்களே, இன்றைக்கு ராத்திரி மகளுக்குப் போன் போடுவீர்கள். "சாப்பிட்டியா, பிள்ளை தூங்கிடுச்சா" என்று கேட்பீர்கள். அதோடு வைத்துவிடாதீர்கள். "அவன் எங்கயாவது வந்து நின்னானா? என்ன சொன்னான்?" என்று கேளுங்கள். அவள் ஒன்றுமில்லை என்று இழுத்தால், விடியும்வரை காத்திருக்க வேண்டாம். கிளம்பிப் போங்கள்.