வணிக மென்பொருள் நடைமுறைப்படுத்தல் முறை

சம்பளம், கொள்முதல், சரக்கிருப்பு, கணக்கு முதலிய அலுவல்களுக்கான மென்பொருளை, வரையறுத்த கட்டங்களின்படி ஒரு நிறுவனத்தின் அன்றாடப் பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் முறை நடைமுறைப்படுத்தல் முறை எனப்படும். மென்பொருளை எழுதுவது ஒரு வேலை. அதை ஓர் அலுவலகத்தின் பழக்கமாக்குவது இன்னொரு வேலை. பெரும்பாலான திட்டங்கள் இடறுவது இந்த இரண்டாவதில்தான்.

கட்டங்கள்

எஸ்ஏபி நிறுவனம் 1990களில் ஏஎஸ்ஏபி என்ற ஐந்து கட்ட முறையை வெளியிட்டது. மைக்ரோசாஃப்ட் தன் டைனமிக்ஸ் மென்பொருள்களுக்கு ஷ்யூர் ஸ்டெப் என்ற முறையை வகுத்தது. பெயர்கள் வேறானாலும் வரிசை ஏறத்தாழ ஒன்றே. இப்போது வேலை எப்படி நடக்கிறது என்று முதலில் ஆராய்வார்கள். பிறகு எப்படி நடக்க வேண்டும் என்பதை எழுத்தில் வடித்து ஒப்புதல் பெறுவார்கள். மென்பொருளை அதற்கேற்ப அமைத்து, பழைய தரவுகளை ஏற்றி, சோதித்து, பணியாளர்களுக்குப் பயிற்சி தந்து, பயன்பாட்டுக்குத் திறப்பார்கள். ஒவ்வொரு கட்ட முடிவிலும் பொறுப்பான அலுவலர் கையெழுத்திட்ட பின்பே அடுத்த கட்டம் தொடங்கும்.

தமிழ்நாட்டு எடுத்துக்காட்டு

தமிழ்நாடு அரசின் ஒருங்கிணைந்த நிதி மற்றும் மனிதவள மேலாண்மைத் திட்டம் இவ்வகைத் திட்டங்களில் ஒன்று. ரூ.288.91 கோடி மதிப்பிலான இத்திட்டம் 2019 ஜனவரியில் தொடங்கிவைக்கப்பட்டது. மென்பொருள் பணி விப்ரோ நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. சுமார் 9 லட்சம் அரசு ஊழியர்களின் சம்பளப் பட்டியல், பணிப்பதிவேடு, கருவூலக் கணக்கு ஆகியவற்றை ஒரே அமைப்பில் இணைப்பதே நோக்கம். இப்போது இது 'களஞ்சியம்' என்ற பெயரில் வழங்குகிறது.

ஸ்ரீரங்கத்தில் ஓர் அரசுப் பள்ளியை எண்ணிக்கொள்வோம். முன்பு இளநிலை உதவியாளர் பட்டியல் தயாரிப்பார், தலைமையாசிரியர் கையெழுத்திடுவார், பட்டியல் கருவூலத்துக்குப் போகும். புதிய அமைப்பில் ஒருவர் தொடங்க வேண்டும், ஒருவர் சரிபார்க்க வேண்டும், ஒருவர் ஒப்புதல் தர வேண்டும். ஒரே எழுத்தர் உள்ள பள்ளியில் இந்த மூன்று பேர் யார் யார்? இதற்கு மென்பொருளில் விடை இராது. ஆய்வுக் கட்டத்திலேயே கேட்டு, எழுதி, முடிவுசெய்திருக்க வேண்டிய கேள்வி இது.

தரவு மாற்றம்

மற்ற எல்லாக் கட்டங்களையும்விட அதிக உழைப்பைக் கேட்பது இதுதான். திட்ட அட்டவணைகளில் மிகக் குறைந்த நாள்கள் ஒதுக்கப்படுவதும் பெரும்பாலும் இதற்குத்தான். பணிப்பதிவேடு முப்பது ஆண்டுகளாகப் பல கைகள் எழுதிய ஏடு. அதில் 'இரங்கநாதன்' என்றிருப்பவர் வங்கிக் கணக்கில் 'ரங்கநாதன்' என்றிருப்பார். ஆங்கிலத்தில் எழுதும்போது முதலெழுத்து ஓரிடத்தில் முன்னும் ஓரிடத்தில் பின்னும் நிற்கும். ஊர்ப்பெயரே திருவரங்கம், ஸ்ரீரங்கம் என இரு வகையாக எழுதப்படும்போது ஆட்பெயரைக் குறைசொல்ல முடியாது. மனிதர் இரண்டையும் ஒருவரே என்று அறிந்துகொள்வார், கணினி அறியாது.

எழுத்துப் பிழையைவிட ஆழமானவை தேதிப் பிழைகள். 2003 ஏப்ரல் 1க்கு முன் பணியில் சேர்ந்தவர் பொது வருங்கால வைப்பு நிதியிலும், அன்றும் அதன் பின்னும் சேர்ந்தவர் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்திலும் சேர்க்கப்பட்டனர். சேர்ந்த தேதி தவறாக ஏறினால் மாதந்தோறும் தவறான பிடித்தம் நிகழும். அது ஓய்வு பெறும்போதுதான் வெளிப்படக்கூடும். தேர்வுநிலை, சிறப்புநிலை, விடுப்புக் கணக்கு ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். ஆகவே ஏற்றிய பதிவை அந்தந்த ஊழியரே படித்துப் பார்த்து ஒப்பமிடுவது முறையின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும்.

இணை ஓட்டம்

ஒரே மாதச் சம்பளத்தைப் பழைய முறையிலும் புதிய முறையிலும் கணக்கிட்டு, ரூபாய்க்கு ரூபாய் ஒப்பிடுவது இணை ஓட்டம். வேறுபாடு தென்பட்டால் புதியதே தவறு என்று கொள்ளக் கூடாது. ஆண்டுக்கணக்கில் யாரும் கவனிக்காத பழைய தவறுகளும் இதில் சிக்கும்.

இதைத் தவிர்த்தால் என்ன ஆகும் என்பதற்குக் கனடா அரசின் 'ஃபீனிக்ஸ்' சம்பளத் திட்டம் சான்று. 2016இல் சுமார் 2,90,000 ஊழியர்களுக்காக அது திறக்கப்பட்டது. செலவும் காலமும் கருதி, நிலுவைத் தொகை கணக்கிடுதல் உள்ளிட்ட சில வசதிகள் ஒதுக்கி வைக்கப்பட்டன, முன்னோட்டமும் கைவிடப்பட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் குறைவாகவோ கூடுதலாகவோ சம்பளம் பெற்றனர். சிலருக்குச் சம்பளமே வரவில்லை. புரிந்துகொள்ள முடியாத தோல்வி என்று அந்நாட்டுத் தலைமைத் தணிக்கையாளர் 2018இல் குறிப்பிட்டார். அங்கே அட்டவணை காப்பாற்றப்பட்டது, சம்பளம் காப்பாற்றப்படவில்லை.

சிறு அளவில் தொடங்குதல்

முன்னோட்டத்தின் பயனை விளக்க வேறொரு துறையின் செய்தி உதவும். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த எழுத்தாளர் சுஜாதா, பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனப் பொறியாளராக மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் முக்கியப் பங்காற்றியவர். 1982இல் கேரளத்தின் பறவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் மட்டும் இவ்வகை இயந்திரம் பயன்படுத்தப்பட்டது. சட்டத்தில் இதற்கு இடமில்லை என்று கூறி உச்ச நீதிமன்றம் 1984இல் அந்தச் சாவடிகளில் மறுவாக்குப்பதிவுக்கு உத்தரவிட்டது. இயந்திரம் எண்ணத் தெரிந்திருந்தும் விதி இடம் தரவில்லை. 1988இல் சட்டம் திருத்தப்பட்டது. 2004 மக்களவைத் தேர்தலில்தான் நாடெங்கும் இயந்திரம் வந்தது. குறை 50 சாவடிகளில் தெரிந்ததால் மறுவாக்குப்பதிவும் 50 சாவடிகளோடு நின்றது. அலுவலக மென்பொருளிலும், விதிகளுக்கும் மென்பொருளுக்கும் உள்ள இடைவெளி ஓரிரு அலுவலகங்களில் தெரிந்துவிட்டால் திருத்துவது எளிது.

திறந்த பின்

முதல் மூன்று மாதச் சம்பளம் பிழையின்றி வரும்வரை திட்டக் குழு கலையாதிருப்பது நல்லது. அதன் பின் வரும் சிக்கல்கள் வேறு வகை. தலைமையாசிரியர் மாறுதலில் சென்றால் அவருடைய ஒப்புதல் உரிமை வாரிசுபோலத் தானாக அடுத்தவருக்குப் போகாது. அதை யார், எத்தனை நாளில் மாற்றித் தர வேண்டும் என்பது எழுத்தில் இல்லையென்றால், பட்டியல் தயாராக இருந்தும் அந்தப் பள்ளி முழுவதற்கும் அம்மாதச் சம்பளம் தள்ளிப்போகும்.