வேகம் ஒரு பக்கம், இடம் ஒரு பக்கம்

1994 டிசம்பர் 3 அன்று ஜப்பானில் சோனியின் வீடியோ விளையாட்டுக் கருவியான பிளேஸ்டேஷன் விற்பனைக்கு வந்தது. ஒன்றரை ஆண்டு கழித்து, 1996 ஜூனில், நின்டெண்டோ 64 வந்தது. செயலியின் வேகத்தை மட்டும் பார்த்தால் பின்னதுதான் பலசாலி. பிளேஸ்டேஷனுடையது ஏறக்குறைய 34 மெகாஹெர்ட்ஸ், நின்டெண்டோவுடையது 94. ஆனால் பிளேஸ்டேஷன் 10 கோடிக்கு மேல் விற்றது. நின்டெண்டோ 64 ஏறக்குறைய 3.3 கோடியோடு நின்றுவிட்டது.

வித்தியாசம் விளையாட்டு எதில் பதிவாகி வந்தது என்பதில் இருந்தது. சோனி சிடியைத் தேர்ந்தெடுத்தது: ஒன்றில் சுமார் 650 எம்பி இடம், தயாரிக்கவும் மலிவு. நின்டெண்டோ பழையபடி கேட்ரிட்ஜையே நம்பியது. அதில் மிகப் பெரியதே 64 எம்பிதான். விலையும் அதிகம். அதுவரை நின்டெண்டோவுக்கே ‘ஃபைனல் ஃபேன்டஸி’ வரிசையை எழுதிவந்த ஸ்கொயர் நிறுவனம், 1997இல் ஏழாவது பாகத்தை மூன்று சிடிக்களில் சோனிக்குக் கொண்டுபோனது. நின்டெண்டோவுக்கு விழுந்த பெரிய அடி இதுதான் என்பேன்.

சிடியிலும் குறை உண்டு. தகவலைப் படித்தெடுக்க நேரம் பிடிக்கும். 1996இல் வந்த ‘ரெசிடென்ட் ஈவில்’ விளையாட்டில் அறைக்கு அறை போகும்போது, கதவு மெல்லத் திறக்கும் காட்சி ஒன்று வரும். அடுத்த அறை சிடியிலிருந்து ஏறும்வரை நம்மைக் காக்கவைக்கத்தான் அந்தக் கதவு. அதையே திகிலாக மாற்றிவிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த சாமர்த்தியம் அது. கேட்ரிட்ஜில் இந்தக் காத்திருப்பு பெரும்பாலும் இல்லை.

திரையில் தெரியும் படத்தைப் பார்த்தே இரண்டையும் அடையாளம் சொல்லிவிடலாம். பிளேஸ்டேஷனில் கட்டம் போட்ட தரைமேல் நடந்து பாருங்கள்: நேர்கோடுகள் நெளியும், சுவர் விளிம்புகள் நடுங்கும். முப்பரிமாண உருவின் முனைகளை அது முழு எண்களில்தான் வைக்கும். அதனால் அவை ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்குத் தாவும். பரப்பின்மேல் படத்தை ஒட்டும்போது தொலைவையும் கணக்கில் எடுப்பதில்லை. நின்டெண்டோ 64 இந்த இரண்டையும் சரியாகச் செய்தது. ஆனால் ஒட்டும் படத்தை வைக்க அதற்கிருந்த தற்காலிக நினைவகம் வெறும் 4 கேபி. 32க்கு 32 புள்ளி அளவில் ஒரு முழு வண்ணப் படம் வைத்தாலே அது நிரம்பிவிடும். அந்தச் சின்னப் படத்தைப் பெரிய சுவர் முழுக்க இழுத்து, புள்ளிகள் தெரியாமல் மழுப்பியதால்தான் அதன் காட்சிகள் மங்கலாக இருக்கின்றன.

கையில் பிடிக்கும் கன்ட்ரோலரில் முந்தியது நின்டெண்டோ. ‘சூப்பர் மரியோ 64’ விளையாட்டில் அதன் நடுக்குச்சியை லேசாகச் சாய்த்தால் மரியோ பூனை நடை போடுவான். முழுக்கச் சாய்த்தால் ஓடுவான். அடுத்த ஆண்டே சோனியும் தன் கன்ட்ரோலரில் இரண்டு குச்சிகளை வைத்தது. நின்டெண்டோ பெட்டியிலேயே கன்ட்ரோலருக்கு நான்கு துளைகள் இருந்ததால், நான்கு பேர் திரையைப் பங்கிட்டுக்கொண்டு ‘கோல்டன்ஐ 007’ ஆடலாம். பிளேஸ்டேஷனில் மூன்றாவது ஆள் சேர வேண்டுமென்றால் தனியாக ஓர் இணைப்புப் பெட்டி வாங்க வேண்டும்.