திரையில் தமிழ் எழுத்து உருப்பெறும் முறை

‘பெயர்’ என்னும் சொல் கண்ணுக்கு 3 எழுத்து. கணினியோ அதனை ஒருங்குறியின்படி ப, ஒற்றைக்கொம்பு, ய, ர, புள்ளி என 5 குறியீடுகளாகச் சேமிக்கிறது. சேமிப்பில் பகரத்துக்குப் பின் வரும் கொம்பு, எழுத்தில் அதற்கு முன் நிற்றல் வேண்டும்.

இதற்கு இரு பணிகள் தேவை. முதலாவது கோத்தல்: ஹார்ப்பஸ் போன்ற மென்பொருள் எழுத்துருவிலுள்ள விதிகளைப் படித்து, எவ்வடிவம் எங்கே நிற்கவேண்டும் என முடிவு செய்கிறது. இரண்டாவது தீட்டல்: பிரீடைப் போன்ற மென்பொருள் அவ்வடிவங்களின் வளைகோடுகளைத் திரைப்புள்ளிகளாக மாற்றுகிறது. விண்டோஸில் டைரக்ட்ரைட்டும் மேக் கணினியில் கோர் டெக்ஸ்ட்டும் இரண்டையும் செய்யவல்லவை. பல இயங்குதளங்களுக்கும் பொதுவான இடைமுக நூலகங்கள் இத்தகையவற்றைப் பின்னணியில் வைத்து இயங்குகின்றன.

எனினும், எல்லா நூலகங்களும் முதற்பணியை மேற்கொள்வதில்லை. டியர் இம்குய் என்னும் நிரல் நூலகத்தில் எஸ்டிபி ட்ரூடைப், பிரீடைப் ஆகிய இரண்டுள் ஒன்றைப் பின்னணியாகத் தெரிவு செய்யலாம். இரண்டும் தீட்டுபவையே. ஒன்றை விடுத்து மற்றதைக் கொண்டால் எழுத்தின் விளிம்பு மாறலாம். கொம்போ பகரத்துக்குப் பின்னேயே நிற்கும். ஆங்கில எழுத்தில் இக்குறை தென்படாமையால், ஆக்கியோர் அதனை அறியாமலும் போகலாம்.

எழுத்துக் கற்கும் பிள்ளை திரையில் காண்பதையே சரியென நம்பும். ஆதலால், வகுப்புக்கு ஒரு மென்பொருளைத் தேர்வதற்கு முன் அதில் ‘பெயர்’ எனத் தட்டெழுதிப் பார்ப்போம். கொம்பு இடம் பிறழ்ந்தால் எழுத்துருவை மட்டும் குறை கூறாது, கோத்தற்பணி அதில் உண்டா என ஆக்கியோரைக் கேட்போம்.